முதல் நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் முதல் நாவல் இரண்டு மாதமாக நகரவில்லை.

கதை 1948இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்தது பலருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத நினைத்தது அதையல்ல. அன்றும் வழக்கம்போல் இருட்டோடு மரம் சீவப் போன ஒரு பெண்ணை. பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் இருபது அத்தியாயத்துக்கும் திட்டம் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் கிராணியின் (தோட்டத்துக் கணக்கரின்) மனைவி உள்ளே வந்துவிட்டாள். திட்டத்தில் அவள் கிடையாது. ஆனால் அவள் வாயைத் திறக்கும் பக்கங்களுக்குத்தான் உயிர் இருக்கிறது. என் நாயகியோ இன்னும் ரப்பர் பால் வடியும் மங்கை, அதாவது அந்தக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள்!

நாவல் எழுதி முடித்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்: இப்போதே திட்டத்தை மாற்றிப் போடுவதா, இல்லை கிராணி மனைவியின் போக்கில் முதல் வரைவை முடித்துவிட்டு அப்புறம் வெட்டுவதா? முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பத் திருத்தும் வியாதி எனக்கு உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பெரட்டில் (வேலைக்குப் போகுமுன் விடியலில் ஆள் கணக்கெடுக்கும்போது) பேர் கூப்பிட்டது யார், கங்காணியா கிராணியா? தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.