ரக்பி கிளப்பில் பையனைச் சேர்க்கலாமா? சிங்கப்பூர்க் கிளப்புகளின் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொங்கோல்வாசி:

வணக்கம். மகன் பிரைமரி ஃபோர். கூடப் படிக்கிற பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில ரக்பி கிளப்புக்குப் போறான். இவனும் சும்மா வேடிக்கை பார்க்கப் போனான். அன்னையிலேருந்து வீட்டுல ரகளை. சோபா குஷனை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஹால் முழுக்க ஓட்டம். மாமியார், "பந்துன்னா உருண்டையா இருக்க வேணாமா, இது என்ன பப்பாளிக்கா மாதிரி"ன்றாங்க. வீட்டுக்காரர் சொல்றது வேற: "அதெல்லாம் ஆங் மோ கிளப், வெள்ளைக்காரங்களுது. நம்ம பிள்ளைங்க ஓரமா நிக்க வேண்டியதுதான்." உண்மையா? இந்தக் கிளப்பெல்லாம் எப்படி வந்துச்சு, சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தர்றாங்க? டிஎஸ்ஏவுக்கு, அதான் விளையாட்டுத் திறமையை வச்சு செக்கண்டரி ஸ்கூல்ல நேரடியா இடம் வாங்கறதுக்கு, உதவுமான்னும் சேர்த்தே கேட்டுக்கறேன்.

நம்பர்2ஜெர்சி:

உங்க வீட்டுக்காரர் சொல்றது ஒரு காலத்துக்கு நூத்துக்கு நூறு சரி. நகர நடுவுல இருக்கிற பாடாங் திடலின் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852ல் வெள்ளைக்காரங்க தங்களுக்காக ஆரம்பிச்சது. பேர்லதான் கிரிக்கெட், அதே புல்தரையில ரக்பியும் ஆடினாங்க. அங்கே இடமில்லாத யூரேசியர்கள் 1883ல் திடலின் மறுமுனையில் தங்களுக்குன்னு எஸ்ஆர்சியை (சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப்) தொடங்கினாங்க. நம்ம ஆளுங்க திடலுக்கு வெளியே நின்னு பார்த்தாங்க.

எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு. எச்எம்எஸ் மலாயான்னு ஒரு போர்க்கப்பல். அதைக் கட்டக் காசு கொடுத்தது மலாய்க் கூட்டு மாநிலங்கள். 1921ல் கப்பல் இந்தப் பக்கம் வந்தப்ப, நன்றிக்கடனா கப்பல்காரங்க கால்பந்துக்கு ஒரு கோப்பை, ரக்பிக்கு ஒரு கோப்பை கொடுத்தாங்க. கால்பந்துக் கோப்பைதான் பின்னாடி மலேசியா கோப்பை ஆச்சு, கல்லாங் ஸ்டேடியத்துல நாம தொண்டை கிழியக் கத்தினோமே, அதே. அதோட கூடப்பிறந்த ரக்பிக் கோப்பையை இன்னைக்கு யாரைக் கேட்டாலும் முழிப்பாங்க.

போருக்கப்புறம் 1947ல் கிரிக்கெட் கிளப் தன் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுறது) போட்டியை ஆரம்பிச்சது, 1948ல் சிங்கப்பூர் ரக்பி சங்கம் வந்தது. ஆனாலும் ஆட்டத்துல பெரும்பங்கு பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரங்கதான். 1971ல் அவங்க மூட்டை கட்டினாங்க. ரக்பியும் அவங்களோட கப்பலேறியிருக்கும், பள்ளிக்கூடங்கள் பிடிச்சு நிறுத்தாம இருந்திருந்தா. செயின்ட் ஆண்ட்ரூஸ், ஏசிஎஸ், ராஃபிள்ஸ், அப்புறம் போலீஸ், ராணுவ அணிகள். எழுபதுகளில் தேசிய அணிக்குத் தலைமை தாங்கின நடஹர் பாவா பேரை எங்க செட் பசங்க சாமி பேர் மாதிரிச் சொல்லுவோம்.

இங்கேதான் என் மனக்குறை. பள்ளி தூக்கி நிறுத்தின ஆட்டம் பள்ளியோடவே முடிஞ்சு போகுது. பி டிவிஷன் பள்ளிப் போட்டியில பேய் மாதிரி ஆடுற பையன் ஓ லெவல் பரீட்சை, என்எஸ்னு கட்டாய ராணுவ சேவை, வேலைன்னு போயிட்டா அதுக்கப்புறம் பூட்ஸைத் தொடறதே இல்ல. கிளப்புல பார்த்தா ரெண்டு மூணு வருஷத்துக்கு வேலைக்கு வந்திருக்கிற வெளிநாட்டுக்காரங்க. ஒரே ஊர், ஒரே ஆட்டம், ரெண்டு கூட்டமும் சந்திக்கிறதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வகுப்பு அதை மாத்தும்னு நம்பறதாலதான் முட்டி தேஞ்ச பிறகும் நான் விசிலோட போய் நிக்கறேன். எங்க திடல்ல இப்ப தமிழ், மலாய், மாண்டரின் எல்லாம் கேக்குது. பயிற்சி முடிஞ்சதும் எல்லாரும் கிளம்பிக் காப்பிக்கடையில ரொட்டி பரோட்டாவுக்கு வரிசை நிப்போம். கிளப்போட உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்குது, அது வேற விஷயம்.

என்ன சொல்லித் தர்றாங்கன்னு கேட்டீங்க. முதல்ல டேக். இடுப்புல ஒரு பெல்ட், ரெண்டு பக்கமும் வெல்க்ரோவுல ஒட்டின ரிப்பன். பந்தோட ஓடுறவனோட ரிப்பனை எதிரணிப் பிள்ளை உருவி, தூக்கிக் காட்டி "டேக்!"னு கத்தணும். இடிக்கக் கூடாது. பந்தைப் பின்னாடிதான் கொடுக்கணும்கிறது மண்டையில ஏறவே ரொம்ப நாளாகும், ஏன்னா எல்லாப் பிள்ளைக்கும் கை முன்னாடிதான் போகும்.

டாக்கிள், அதாவது பந்தோட வர்றவனைக் கட்டிப் பிடிச்சுச் சாய்க்கிறது, அப்புறம்தான். அதுவும் மெத்தையில, முட்டி போட்டு. எதிராளி நடந்து வருவான். கண் அவன் இடுப்பில். தலை எப்பவும் அவனுக்குப் பின்பக்கமா இருக்கணும், அவன் உடம்புக்கு முன்னாடி குறுக்கே போகக் கூடாது. கன்னத்தை அவன் பின்புறத்துல ஒட்டு, தோளால அழுத்து, ரெண்டு கையையும் காலைச் சுத்திக் கட்டு, விடாதே. "கன்னத்தோட கன்னம்"னு ஆங்கிலத்துல ஒரு சொலவடை வச்சிருக்காங்க, அங்கே கன்னத்துக்கும் பின்புறத்துக்கும் ஒரே சொல்லு, பிள்ளைங்க அதைக் கேட்டாலே சிரிச்சு உருளும். சிரிச்சா மறக்காது. தலையை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு உடம்பு பழகற வரைக்கும் நான் நிமிர்ந்து நின்னு டாக்கிள் பண்ண விடறதில்ல. அவசரப்படற பயிற்சியாளர் இருந்தா பையனைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க.

செங்காங்அப்பா:

அண்ணன் அழகா எழுதிட்டார், நான் கசப்பானதைச் சொல்றேன். என் மகன் செக்கண்டரி ஸ்கூல்ல ஆடினப்போ தலையில அடிபட்டுத் தள்ளாடினான். "தண்ணி குடி, உள்ள போ"ன்னு பயிற்சியாளர் திருப்பி அனுப்பினார். அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி ஏ அண்ட் இ-ல (அவசரப் பிரிவு) உக்காந்திருந்தோம். நல்லவேளை, ஒண்ணுமில்ல. ஆனா அதோட ரக்பிக்கு முழுக்கு. டிஎஸ்ஏ சீட்டுக்காகப் பிள்ளைங்களை இதுல தள்றவங்க இதையும் யோசிங்க.

நம்பர்2ஜெர்சி:

தம்பி, அதுக்குச் சமாதானம் கிடையாது. மூளை அதிர்ச்சின்னு சந்தேகம் வந்தாலே வெளியே, அன்னைக்கு மறுபடி உள்ளே வரக் கூடாது. ஆட்டத்தோட உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி விதி அது, பயிற்சியாளரோட இஷ்டம் இல்ல. பொங்கோல் தங்கச்சி, சேர்க்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியை நேரா கேளுங்க: "தலையில அடிபட்டா என்ன செய்வீங்க?" பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா அது உங்களுக்கான கிளப் இல்ல.

டிஎஸ்ஏ விஷயம். ரக்பிக்கு எடுக்கிற பள்ளிகள் இருக்கு. ஆனா அதுக்காகவே வர்ற பையனை நாங்க கண்டுபிடிச்சுடுவோம். மழையில வரமாட்டான்.

கட்டோங்_விங்கர்:

அங்கிள், பெண் பிள்ளைகளை விட்டுட்டீங்களே! நான் பாலிடெக்னிக்ல டச் ரக்பி மூலமா வந்தவ. டாக்கிள் கிடையாது, தொட்டாப் போதும், பயந்த அம்மாக்களுக்கு அதுதான் நல்ல வாசல். அப்புறம் 2016 ஏப்ரல்ல நேஷனல் ஸ்டேடியத்துல சிங்கப்பூர் செவன்ஸ் பார்த்தேன். இறுதி ஆட்டத்துல கென்யா ஃபிஜியை 30-7ன்னு நொறுக்கிச்சு, உலகத் தொடர்ல அவங்களுக்கு அதுதான் முதல் பட்டம். பக்கத்து சீட்டு கென்யாக்காரர் அழுதுகிட்டே என் தோளைப் பிடிச்சு உலுக்கினார். அடுத்த வாரமே செவன்ஸ் ஆட ஆள் தேடினேன்.

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், கோப்பைக் கதையில அமைதியாயிட்டார். தலைக் கேள்வியைக் கேட்டுட்டுத்தான் பணம் கட்டுவேன். முதல் நாளுக்கு என்ன வாங்கணும்?

நம்பர்2ஜெர்சி:

டேக்குக்கு ஒண்ணும் வேணாம், பழைய டிசர்ட், கால்பந்து பூட்ஸ், பெரிய தண்ணி பாட்டில். டாக்கிள் ஆரம்பிக்கிறப்ப மவுத்கார்டு கட்டாயம், சுடுதண்ணியில போட்டுக் கடிச்சுப் பதிக்கிற வகை போதும். வானம் கறுத்தா இடி அலாரம் அடிக்கும், கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம்கூட உக்காரணும். புத்தகம் எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு.