ஓராண்டுக்கு மட்டும் வளர்க்கப்படும் மரத்திற்குக் கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்துத் தோட்டக்கலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அங்கே யூக்கலிப்டஸ் குளோபுலஸ் விதையைப் பிப்ரவரியில் கண்ணாடிக் கூடத்தில் முளைக்கவைத்து, உறைபனிக்காலம் நீங்கிய மே இறுதியில் பூம்பாத்தியின் நடுவே நடுகிறார்கள். இளம்பருவத்து நீலவெள்ளி இலைகளுக்காகவே வளர்க்கப்படும் கன்று, இலையுதிர்காலத்திற்குள் ஆளுயரம் எட்டிப் பின்னர்க் கடும்பனியில் மடிகிறது. இதனை ‘ஓராண்டுத் தாவரம்’ எனலாமா?

— மொழிபெயர்ப்பாளர்

கூடாது. எள், உளுந்து, கடுகு போல முளைத்துப் பூத்து விதையீன்று ஒரே பருவத்தில் தானே முடிவதற்குத்தான் அப்பெயர் உரியது. இதுவோ பூப்பதற்கு முன்பே பனியால் கொல்லப்படும் பல்லாண்டுத் தாவரம். பெயர் தாவரத்திற்கு அன்று, வளர்ப்பு முறைக்கே வேண்டும். ‘ஓராண்டு வளர்ப்பு’ போதும்.

— தாவரவியல் ஆசிரியர்

அகக்காழ் (உள்வைரம்) உடையதே மரம் என்பது தொல்காப்பிய மரபியல். முதலாண்டுக் கன்றில் காழ் ஏது? எனவே ‘ஆண்டுவளரி’ என்பேன். யூக்கலிப்டசையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. மொட்டின் மூடியைக் கண்டு கிரேக்க மொழியில் ‘நன்கு மூடப்பட்டது’ என்று பெயரிட்டார்கள். நாம் ‘நன்மூடி’ எனலாம்.

— புலவர்

நன்மூடி என்றால் வாசகர் குப்பியைத் தேடுவார், ஐயா. நீலகிரியில் மலைமலையாக நிற்பதை ஊரார் தைலமரம் என்றும் கற்பூரமரம் என்றும் சொல்கிறார்களே!

— தோட்டக்காரர்

தைலம் வடசொல், எள்ளைக் குறிக்கும் திலத்திலிருந்து வந்தது. நம் எண்ணெயும் எள்ளின் நெய்தான். எள்ளுக்கும் இம்மரத்திற்கும் என்ன உறவு?

— புலவர்

எள்ளை விட்டுவிடுவோம். யூக்கலிப்டஸில் கன்னி என்னும் இனத்தையும் (கன் என்பவரின் பெயரால் அமைந்தது, கன்னிப்பெண் அன்று) இவ்வாறே நடுகிறார்கள். ஆனால் அது இங்கிலாந்தின் குளிர்காலங்கள் பலவற்றைத் தாங்கிவிடும். ஆண்டுதோறும் வசந்தத்தில் அடியோடு வெட்டினால் மீண்டும் வட்டமான இளம் இலைகளோடு தழைக்கும். அதற்கு ‘ஓராண்டு’ பொருந்தாது.

— தாவரவியல் ஆசிரியர்

குளோபுலசுக்கு ‘ஓராண்டு வளர்ப்பு’ என்றும், கன்னிக்கு ‘வெட்டித் தழைக்கவிடல்’ என்றும் எழுதிவிட்டேன். மரத்தின் பெயர் யூக்கலிப்டஸாகவே இருக்கிறது. மூவர் ஒப்பியுள்ளனர்.

— மொழிபெயர்ப்பாளர்

நான் ஒப்பவில்லை. ‘வளர்ப்பு’ தொழிற்பெயர்; பாத்தியில் நிற்பது தொழிலா, செடியா? ‘ஆண்டுவளரி’யை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

— புலவர்