கட்டாய நீச்சல் சோதனை மனச்சோர்வைத்தான் அளக்கிறதா?

மருந்தியல் மாணவி (கேள்வி):
வணக்கம். மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் பலவும், தண்ணீர் நிரப்பிய உருளையில் சுண்டெலியை 6 நிமிடம் விட்டு, கடைசி 4 நிமிடங்களில் அது எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்று கணக்கிட்டு, அந்த அசைவின்மையை மனத்தளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டே முடிவுக்கு வருகின்றன. 1977-இல் போர்சோல்ட் குழுவினர் அறிமுகப்படுத்திய இச்சோதனையில், சுண்டெலிக்கு ஒரு வேளை மருந்து கொடுத்தாலே அசைவற்ற நேரம் குறைந்துவிடுகிறது. நோயாளிகளுக்கோ அதே மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகின்றன. அப்படியானால் அந்தச் சுண்டெலியிடம் நாம் அளப்பது எதை?

விரிவுரையாளர்:
மிக அவசியமான கேள்வி. ஒரு விலங்கு மாதிரி நோயைப் போலத் தோன்றுகிறதா, நோயின் காரணத்தைப் பகிர்கிறதா, மருந்தின் பலனை முன்கூட்டிச் சொல்கிறதா என்ற மூன்று அளவுகோல்களை 1984-இல் ஆய்வாளர் வில்னர் முன்வைத்தார். நீச்சல் சோதனைக்கு மூன்றாவது மட்டுமே ஓரளவு பொருந்துகிறது, அதுவும் ஒரு சுற்றுவழியில். இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதை 1950-களில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் கண்டறிந்தது நோயாளிகளிடம்தான். காசநோய் மருந்தான ஐப்ரோனியாசிட் மனநிலையை உயர்த்துவதும் காசநோயாளிகளிடம் கவனிக்கப்பட்டது. எலிச் சோதனை அதற்குப் பின் வந்து, அந்த மருந்துகளையே உரைகல்லாகக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. ஆகவே பழைய மருந்துகளை ஒத்தவற்றை அது அடையாளம் காண்பதில் வியப்பில்லை. ஆனால் பின்னர் வந்த ஃப்ளூவாக்ஸெடின் வகை மனச்சோர்வு மருந்துகள், சுண்டெலியைவிடப் பெரிய எலிகளுக்கான பழைய முறையில் பெரும்பாலும் தவறிப்போயின. வெறும் கிளர்ச்சியூட்டியான ஆம்பெட்டமினோ தேறிவிட்டது.

மனநல மருத்துவர்:
உடன்படுகிறேன், ஆனால் பழி முழுவதையும் எலியின் மீது போட முடியாது. நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள் 'பி' (substance P) வந்து இணையும் ஏற்பியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் என்ற மருந்து, விலங்குகளில் மட்டுமன்றி, 1998-இல் வெளியான முதல் மனிதச் சோதனையிலும் மனச்சோர்வுக்கு நல்ல பலன் காட்டியது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் அது தோற்று, 2003-இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்கான மருந்தாகவே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயறிதலே நெகிழ்வானது என்பதையும் மறக்கக்கூடாது: ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் கடும் மனச்சோர்வு என்கிறோம், அதனால் ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்குப் பொதுவான அறிகுறி ஒன்றே ஒன்றாகவும் இருக்கக்கூடும். இவர்களில் யாரை எலி பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும்? முழு நோயையும் எலியிடம் தேடுவதை விட்டு, இன்பம் நாடும் விருப்பம் குறைவது போன்ற ஒரு கூறை மட்டும் ஆராய்வதே நேர்மையானது என்று கருதுகிறேன். நாள்பட்ட மிதமான அழுத்தத்துக்கு உள்ளான எலி சர்க்கரைத் தண்ணீரை நாடுவது குறைகிறது. வாரக்கணக்கில் மருந்து கொடுத்தால்தான் அது மீள்கிறது. அதிலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் மாறுவதுண்டு.

மருந்தியல் மாணவி:
இருவருக்கும் நன்றி. என் ஆய்வேட்டில் நீச்சல் சோதனையை அடியோடு விட்டுவிடுவதா?

விரிவுரையாளர்:
உங்கள் கேள்விக்கு வேறு சோதனை போதுமானால் விட்டுவிடுங்கள். எலிக்கு நேரும் துன்பமும் கணக்கில் வர வேண்டும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் நீச்சல் சோதனையைச் சட்டப்படியே தடைசெய்தது. தவிர்க்க முடியாவிட்டால், திறந்தவெளிச் சோதனையில் (மேலே திறந்த பெட்டியில் எலியை உலவவிடும் சோதனை) பொதுவான நடமாட்டத்தைத் தனியே அளந்து, மருந்து வெறும் சுறுசுறுப்பைக் கூட்டவில்லை என்று காட்டுங்கள். முடிவுரையில் "மனச்சோர்வு தீர்ந்தது" என்று எழுதாமல், "அசைவற்ற நேரம் குறைந்தது" என்று மட்டும் எழுதுங்கள்.