பொருள்: மறு: 'கெனியனிங்' என்பதற்குத் தமிழ் – இடுக்கோடை?

குழுவினருக்கு வணக்கம்.

பாறை இடுக்கு வழியே ஓடும் ஓடையோடு நடந்தும் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் போகிற விளையாட்டுத்தான் கெனியனிங். கித்துல்கலப் பக்கம் அதற்கு வரும் சுற்றுலாப் பயணிகளோடு உதவிக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம்ம தோட்டத்துப் பையன்களுக்கு ஒரு சின்னக் கைநூல் எழுதுகிறேன். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அதற்குத் தமிழாகக் குழுவில் இதுவரை வந்தவை: பள்ளத்தாக்கு இறக்கம், அருவி இறக்கம், விடரிறக்கம்.

பள்ளத்தாக்கு வேண்டாம். கொத்மலைப் பள்ளத்தாக்கு என்றால் ஊரும் வயலும் நீர்த்தேக்கமும் கொண்ட அகன்ற நிலம். இது இரு பக்கமும் பாறை நெருக்க, தண்ணீர் மட்டும் போகிற வழி.

அருவி இறக்கம் இன்னும் பிழை. ஓர் அருவியில் கயிறு கட்டி இறங்கினால், ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்து மறுபடி இறங்கலாம். இதிலோ கயிற்றை இரட்டையாகப் போட்டு எல்லோரும் இறங்கியபின் கீழிருந்து உருவி எடுத்துவிடுகிறார்கள். உருவிய நொடியோடு திரும்பும் வழி போய்விட்டது. அடுத்த அருவி, அடுத்த மடு என்று ஓடை வெளியே விடும் இடம்வரை போயே ஆகவேண்டும். புதிதாக வருபவருக்கு முதலில் விளங்கவேண்டியது இதுதான். அதை மறைக்கிற சொல் நமக்கு எதற்கு?

விடர் அழகான பழஞ்சொல், மலைப்பிளப்பு என்றே பொருள். ஆனால் விடன், அதாவது காமுகன், என்பதற்குப் பன்மையும் அதுதானே! 'விடர் வழிகாட்டி' என்று அட்டை மாட்டிக்கொண்டு எந்தப் பையன் லயத்துக்குத் திரும்புவான்?

மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள். இத்தாலியர் காட்டாற்றைக் குறிக்கும் 'டொரென்டே'யிலிருந்து டொரென்டிஸ்மோ என்றார்கள். ஸ்பானியருக்கு 'பர்ராங்கோ' இருந்தது, பர்ராங்கிஸ்மோ ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் 'க்ளூஃப்', அதனால் க்ளூஃபிங். அவரவர் நிலத்துக்கு அவரவர் சொல். நமக்கு 'இடுக்கு' இருக்கிறது. கேரளத்து இடுக்கி பெயர் பெற்றதும் அதனால்தான். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் அந்த அணை நிற்கிறது. ஆகவே இடம் 'இடுக்கோடை', செயல் 'இடுக்கோடை இறக்கம்'.

'டெக்னிக்கல்' என்ற அடைமொழிக்குச் சொற்றொகுதியைப் பார்த்துத் 'தொழினுட்ப' என்று போட்டிருந்தேன். வாசித்த பையன், "அண்ணன், அதுக்கு கம்பியூட்டர் படிச்சிருக்கணுமா?" என்று கேட்டுவிட்டான். அங்கே அதன் பொருள் கயிறு இல்லாமல் முடியாது என்பது மட்டுமே. இடுக்கோடைகளுக்கான அமெரிக்கத் தரவரிசையில் 1, 2 நடையும் கைபிடித்து இறங்குவதும், 3இலிருந்து கயிறு. கூடவே எழுத்தும் வரும்: 'ஏ' காய்ந்தது, 'பி' தேங்கிய நீர், 'சி' ஓடும் நீர். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. நம்முடையவை பெரும்பாலும் 'சி'. காய்ந்த இடுக்கோடைகளில் இறங்கும் அமெரிக்கப் பாலைவனத்து ஆட்கள் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்தால் ஆபத்து.

'கயிற்று இடுக்கோடை' போதுமா?

– அட்டனிலிருந்து

---

தம்பி,

விடரை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான். இடுக்கோடை வாய்க்குள் நிற்கிறது. 'இறக்கம்' மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. இங்கே மினிபஸ்ஸில் "இறக்கம் இருக்கோ?" என்று கொண்டக்டர் கத்துவதுதான் காதில் விழுகிறது. பரவாயில்லை, அதுவும் இறங்குவதுதானே.

கயிற்றை மேலே கட்டிவைக்கும் பிடிமானம், அந்த 'ஆங்கர்' என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்? நங்கூரம் என்றால் கப்பல்காரர் சிரிப்பார்கள்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயா,

'தறி' என்று வைத்திருக்கிறேன். மாட்டையும் யானையையும் கட்டுகிற கட்டுத்தறிதான். மரத்தறி, பாறைத்தறி, ஆணித்தறி என்று பிரிக்கலாம். "தறியை ஆட்டிப் பார்த்தியா?" என்று கேட்டால் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம்.

ஒரு சொல்லில்தான் உங்கள் உதவி வேண்டும். பாறையேற்றத்தில் கயிற்று நுனியில் முடிச்சுப் போடுவது பாலபாடம், கயிற்றில் இறங்க இடுப்பில் மாட்டும் இறங்குகருவியைவிட்டு நுனி நழுவக்கூடாது என்பதற்காக. அருவி விழும் மடுவில் அதே முடிச்சு ஆளைக் கொல்லும். இறங்குகருவி முடிச்சில் சிக்கி நிற்கும். கழற்றி நீந்திப்போக முடியாமல் தண்ணீருக்கடியிலேயே மாட்டிக்கொள்வார். ஆகவே நுனி நீரைத் தொடுகிற அளவுக்கு மட்டும் கயிற்றை விட்டு, முடிச்சில்லாமல் வைக்கிறார்கள். முடிச்சுள்ள நுனிக்கும் இல்லாத நுனிக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வரும். 'கட்டுநுனி', 'விடுநுனி' என்று எழுதியிருக்கிறேன். அருவிச் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்குமோ என்று பயம். விசிலைத்தான் நம்புகிறார்கள் என்றாலும், 2 ஊதலுக்கும் 3 ஊதலுக்கும் குழுவுக்குக் குழு பொருள் மாறுகிறது. இறங்குமுன் பேசி வைப்பது இந்தச் சொற்களில்தான்.

'கட்டு' என்பதும் 'விடு' என்பதும் எவ்வளவு தூரத்துக்குப் பிரிந்து கேட்கும் என்று, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டு பையன்களைக் கத்தவிட்டுப் பார்க்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் எழுதுகிறேன்.

– அட்டனிலிருந்து