உதவி: அப்பாவின் பழைய கொம்பியூட்டருக்கு எந்த ஓஎஸ் (இயங்குதளம்)? கொஞ்சம் அவசரம்

வெள்ளவத்தை_மகள்
வணக்கம். அப்பாவின் டெஸ்க்டொப் மிகவும் பழையது. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறது. கடையில் கேட்டால் விண்டோஸ் 10 இதில் ஓடாது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். அப்பாவுக்கு இதை விட மனமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போடலாம் என்று தோழி சொன்னாள். அதில் பல வகை உண்டாம், எந்த லினக்ஸ்? ஞாயிறு வகுப்புக்கு முன் சரியாக வேண்டும்.

கொட்டாஞ்சேனை13
புரொசசர் என்ன? ரெம் (நினைவகம்) எவ்வளவு? இப்போது எந்த விண்டோஸ் இருக்கிறது? ஞாயிறு என்ன வகுப்பு, அதற்கு இந்தப் பெட்டியில் என்ன வேலை? இது தெரியாமல் பெயர் சொல்ல முடியாது அக்கா.

எஸ்எஸ்டி_பக்தன்
எதைப் போட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இழுக்கும். முதலில் 120 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) ஒன்று மாட்டுங்கள். பிறகு ஓஎஸ்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

கர்னல்_வாசி
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, தேடிப் பார்த்திருந்தாலே பதில் கிடைத்திருக்கும். "மிகவும் பழையது" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. லினக்ஸ் வகைகளில் ஆன்டிஎக்ஸ் அல்லது வெறும் டெபியன். மற்றதெல்லாம் நேர விரயம்.

வெள்ளவத்தை_மகள்
பெட்டியில் பென்டியம் என்று ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி தான். இன்னொன்று, ஒவ்வொரு முறை போடும்போதும் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது.

மின்கலம்2032
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பற்றரி இருக்கும், சிஆர்2032. அது செத்துவிட்டது. திகதி பிழையாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்றுதான் பிரவுசர் சொல்லும். பற்றரியை மாற்றுங்கள், ஓஎஸ் மாற்றவே தேவையில்லை.

கொட்டாஞ்சேனை13
பற்றரியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு முடியாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. அதில் உள்ள பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை தெரியாது. திகதியைச் சரி செய்தாலும் பெரும்பாலான தளங்கள் திறக்காது.

அக்கா, பென்டியம் என்றால் பென்டியம் 4 ஆகவும் இருக்கலாம், அதற்குப் பிறகு வந்த டுவல் கோர் ஆகவும் இருக்கலாம். மை கொம்பியூட்டரில் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ் பார்த்து, அங்கே உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

வெள்ளவத்தை_மகள்
பென்டியம் டுவல், ஈ2180, 2.00 கிகாஹேர்ட்ஸ், 1.99 ஜிபி ரெம். அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஓஎல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் தட்டச்சு செய்வார். எல்லாம் பாமினி எழுத்துருவில்.

பம்பலப்பிட்டி_நிமால்
எக்ஸ்பி 32 பிட் (64 பிட்டுக்கு முந்திய பழைய வகை), ஆகவே புரொசசரும் 32 பிட். உபுண்டு லினக்ஸ் 2017இலேயே 32 பிட் டெஸ்க்டொப்பைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 13க்கும் 32 பிட் கணினியில் போட இன்ஸ்டாலர் கிடையாது. பப்பி போன்ற சிறிய லினக்ஸ்தான் வழி.

கொட்டாஞ்சேனை13
அண்ணா, ஓஎஸ் 32 பிட் என்பதால் புரொசசரும் 32 பிட் ஆகிவிடாது. ஈ2180 என்பது 2007இல் வந்த 64 பிட் புரொசசர். பென்டியம் 4இல் பலது 32 பிட், அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும். இதில் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஏறும். தடை ரெம் மட்டும்தான்.

லினக்ஸ் மின்ட் 2 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 4 ஜிபியைப் பரிந்துரையாகவும் சொல்கிறது. இப்போதைக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸின் புளக்ஸ்பொக்ஸ் என்ற இலகுவான பதிப்பு நல்லது. வினாத்தாள் தட்டச்சு செய்ய 2 ஜிபி போதும், திணறுவது பிரவுசர்தான். கொம்பியூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசா பக்கம் பழைய டிடிஆர்2 ரெம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

யுனிகோட்_நேசன்
ஓஎஸ் இருக்கட்டும், இன்னும் பாமினியா? பாமினியில் அடித்தது தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பிள்ளைகள் போனில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. யுனிகோட்டுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறைக்கு, மாறுவதற்கு இதைவிட நல்ல தருணம் இல்லை.

அச்சகம்_ஆமர்வீதி
தம்பி, அச்சகத் தொழிலில் இருப்பவர்களிடம் வந்து கேளுங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த பழைய கோப்புகளெல்லாம் பாமினியில்தான் கிடக்கின்றன. வருடக்கணக்காகப் பழகிய கை அது. ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் போய் விசைப்பலகையை மாற்று என்பது நியாயமில்லை.

யுனிகோட்_நேசன்
விசைப்பலகையை மாற்றச் சொல்லவில்லை ஐயா. பாமினியும், யுனிகோட் தரும் ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப் பொறி வழி வந்தவைதான். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களைப் போட்டால் ரெங்கநாதன் அதிலேயே இருக்கிறது. சில விசைகள்தான் மாறும். கை பழகிய இடத்திலேயே யுனிகோட் வரும்.

அச்சகம்_ஆமர்வீதி
அந்தச் சில விசைகளில்தான் பிழை வரும். ஞாயிறு வினாத்தாளுக்கு அது வேண்டாம்.

கர்னல்_வாசி
எழுத்துருச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். கேள்வி கேட்டவருக்கு இது எதுவும் விளங்கப் போவதில்லை.

ஆசிரியை_தெஹிவளை
அவருக்கு விளங்காது என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? கேட்டதும் விவரம் தந்திருக்கிறார். நானும் ஆன்டிஎக்ஸில் பாமினியோடு வினாத்தாள் செய்கிறேன், அதனால் நடப்பதைச் சொல்கிறேன் தங்கச்சி.

எதையும் அழிக்கும் முன் அப்பாவின் கோப்புகள் எல்லாவற்றையும் பென் ட்ரைவில் எடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் போன்ட்ஸ் என்று இருக்கும், அதில் பாமினி எழுத்துருவையும் எடுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லினக்ஸை உடனே நிறுவ வேண்டாம். இன்னொரு பென் ட்ரைவில் எழுதி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். திரை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரியும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பெரும்பாடு, அதை ஞாயிறு காலையில் கண்டுபிடிக்கக் கூடாது.

பாமினிக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. எழுத்துருவை நிறுவி, லிப்ரே ஆபிஸில் (வேர்டுக்குப் பதிலான மென்பொருள்) அதைத் தெரிவு செய்து, வழக்கம்போல் அடிக்கலாம். ஆனால் ஓட்டோ கரெக்டை நிறுத்திவிடுங்கள். வசனத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொன்று. அப்பா அடித்தது அவர் கண் முன்னாலேயே மாறும். மேற்கோள் குறிகளை வளைக்கும் தெரிவையும் எடுத்துவிடுங்கள்.

கணித வாய்பாடுகளையும் பாருங்கள். பழைய வேர்டில் ஈக்குவேஷன் எடிட்டரால் செய்தவை என்றால் லிப்ரே ஆபிஸ் தன் வாய்பாடாக மாற்றித் திறக்கும், ஆனால் பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம். அச்சிடும் முன் ஒவ்வொரு தாளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டி_பக்தன்
எல்லாம் சரி, அப்படியே எஸ்எஸ்டியும் போடுங்கள். எஸ்எஸ்டியை மாட்டும் சாட்டா போர்ட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தால் எக்ஸ்பி அப்படியே இருக்கும், ஏதாவது பிசகினால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனை13
இது நல்ல யோசனை. ஞாயிறு நெருங்கும்போது பழைய டிஸ்க்கில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

வெள்ளவத்தை_மகள்
பற்றரி மாற்றி, எஸ்எஸ்டியில் ஆன்டிஎக்ஸ் போட்டோம். பாமினி வேலை செய்கிறது, அப்பா தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். தெஹிவளை அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

பம்பலப்பிட்டி_நிமால்
சந்தோஷம். 64 பிட் தானே போட்டீர்கள்? பிரிண்டர் எந்த மொடல்? அதையும் எழுதினால் இதே பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

யுனிகோட்_நேசன்
வகுப்பு முடிந்ததும் ரெங்கநாதனை ஒருமுறை அப்பாவுக்குக் காட்டுங்கள். அமைக்க உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், செய்து தருகிறேன்.