மறு: சொல் அனாலஜிக்கு 'ஒப்புமை' போதுமா?

வணக்கம். நுழைவுத்தேர்வுகளில் 'அ : ஆ :: இ : ?' என்று, அதாவது 'அ-வுக்கு ஆ என்றால் இ-க்கு எது?' என்று கேட்கும் வினாவகைதான் சொல் அனாலஜி (word analogy). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'ஒப்புமை' என்றே இருக்கட்டுமே. எல்லாருக்கும் பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல். பள்ளி நுழைவுத்தேர்வுக்குச் சில பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். 'குயில் : கூவும் :: மயில் : ?' என்று எழுதிப் போட்டால் 'ஆடும்' என்று ஒரு குரலாவது வந்துவிடும். மயில் ஆடும்தான், யார் இல்லை என்றது? ஆனால் குயிலுக்கும் கூவுவதற்கும் இடையே இருப்பது ஒலி மரபு. அந்தத் தொடர்பை அப்படியே கொண்டுபோனால் மயில் அகவும். இங்கே ஒப்பிடுவது குயிலையும் மயிலையும் அல்ல, இரண்டு தொடர்புகளை. 'ஒப்புமை' என்றதும் பிள்ளை எது எதைப் போல இருக்கிறது என்று தேடப் போய்விடுகிறது. 'உவமை' இன்னும் மோசம். தொல்காப்பியம் உவமைக்குச் சொல்லும் வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) நான்குமே பொருளைப் பொருளோடு ஒப்பிடுவதற்கானவை.

இங்கே சொல்லப்பட்ட இன்னொரு சொல்லான 'உறவொப்பு' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் இத்தகைய தேர்வுகளில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்கும் 'இரத்த உறவு' என்று தனிப் பகுதியே உண்டு. குழம்பும்.

'விகிதசமம்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துச் சிரித்தோம். யோசித்தால் அவர் சொன்னதுதான் மூலத்துக்கு நெருக்கம். கிரேக்கத்தில் 'அனலொகியா' கணக்கில் விகிதசமத்தைக் குறித்த சொல். 2 : 4 :: 3 : 6 என்பதில் நடு எண்களை இடம் மாற்றினாலும் சமம் கெடாது. நம் பறவைகளும் அப்படியே: குயில் : மயில் :: கூவும் : அகவும். என்ன செய்ய, கணக்குக்குப் பயந்த பிள்ளையை மொழிப் பகுதியிலும் பயமுறுத்த எனக்கு மனமில்லை.

ஆகவே என் பரிந்துரை 'இணையொப்பு'. இணையோடு இணையை ஒப்பிடுவது என்று சொல்லிலேயே இருக்கிறது. ஒரு குறை: வரிசை முக்கியம் என்பதை இது காட்டாது. 'கொல்லர் : இரும்பு' என்பதற்கு 'தச்சர் : மரம்' சரி, 'களிமண் : குயவர்' தவறு. அதற்குச் சொல்லை நீட்ட வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். 'கொல்லர் இரும்பைக் கொண்டு பொருள் செய்வார்' என்று சொல்லவைத்து, அதே அச்சில் விடைகளைப் போடச் சொல்வேன். 'களிமண் குயவரைக் கொண்டு பொருள் செய்யும்' என்றதும் வகுப்பே சிரித்துவிடும்.

அப்புறம், அந்த வாக்கியத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். நான் 'அச்சு வாக்கியம்' என்கிறேன். அச்சகம் நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். வேறு ஏதாவது தோன்றுகிறதா?