ஒத்து ஒரு குரலா, இல்லையா?

கீபோட்_கோண்டாவில்:
நல்லூர்த் திருவிழா மேளச்சமா, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரி, பல அடுக்கு இசை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிப்புத்தான் வருகிறது. டெக்ஸ்சர் என்பது ஒரே நேரத்தில் எத்தனை குரல் எப்படிச் சேர்ந்து போகிறது என்ற கணக்கு. இரண்டு நாதஸ்வரமும் ஒரே மெட்டு. ஆகவே மொனோபொனி, ஒற்றைக் குரல் இசை. பல குரல் என்றால் என்னவென்று அறிய, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ஃபியூகைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

நாயனப்பித்தன்:
எழுதியவன் நான்தான். 25 நாளும் வீதியில் நின்று கேட்கிறவன். நாயனம் எங்கே அலைந்தாலும் கீழே சுருதி பிடிக்கிற குழல், அந்த ஒத்து, அசையாமல் நிற்கிறதே, அது குரல் இல்லையா?

கீபோட்_கோண்டாவில்:
அண்ணை, ஒத்துக்கு விரல் துளையே கிடையாது. ஒரே சுரம். இப்போது அந்த வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. பெட்டியும் ஒரு குரலோ?

நாயனப்பித்தன்:
துளை இல்லாவிட்டால் குரல் இல்லையோ? பெட்டியை நிறுத்திவிட்டுத் தோடி ராகம் கேட்டுப் பாரும்.

தவில்தம்பி:
தட்சிணாமூர்த்தி தவில் வாசித்த ஊரில் இருந்துகொண்டு தவிலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நல்லாயிருக்கு.

கீபோட்_கோண்டாவில்:
தவிலில் மெட்டு எங்கே தம்பி?

ஆல்டோ_அக்கா:
எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான்கு குரல். நான்கும் அநேகமாக ஒரே அசையில் சேர்ந்து நகரும், அது ஹோமோபொனி. ஃபியூகில் ஒரு குரல் தொடங்கியதை மற்றது பிறகு பிடித்துக்கொண்டு தன் வழியில் போகும், அது பொலிபொனி. இரண்டு நாயனக்காரர் ஒரே மெட்டை வாசித்தாலும் கமகம், அதாவது சுரத்தை அசைக்கிற விதம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் விலகும். ஆலாபனையில் பாடகருக்குச் சற்றுப் பின்னால் வரும் வயலினும் அப்படித்தான். அதற்கு ஹெட்டரோபொனி என்று பெயர். இருவரும் இதை விட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள்.

நாயனப்பித்தன்:
அக்கா, அதெல்லாம் சரி. ஒத்து?

சுத்தத்தமிழன்:
முதலில் அது நாதஸ்வரம் இல்லை, நாகஸ்வரம்.

தவில்தம்பி:
வந்துவிட்டார். போன வருடமும் இதே கதைதான்.

சுத்தத்தமிழன்:
போன வருடம் பதில் சொல்லாமல் ஓடியது யார்?

கீபோட்_கோண்டாவில்:
பித்தன் அண்ணைக்கு ஒத்தூத இங்கே ஆள் கூடிவிட்டது. மொனோபொனி மொனோபொனிதான்.

நாயனப்பித்தன்:
ஊதட்டும், அப்போதாவது ஒத்து உம் காதில் விழும். போன ஆவணியில் ஒரு கலியாண வீட்டில் கீபோட்டின் ஒரு கட்டையில் பென்சிலைச் செருகிவிட்டு வாசித்தது நீர்தானே? முன் வரிசையில் இருந்து பார்த்தேன். அது என்ன?

கீபோட்_கோண்டாவில்:
அது சுருதி.

நாயனப்பித்தன்:
அப்ப ஒத்து?